ரெசிடென்சி முடிந்து ஊர் திரும்பினால் எங்கே அச்சடிப்பது?

கேள்வி: பள்ளிப்பட்டிலிருந்து, 4 ஜனவரி 2025

அக்கா, நான் பி.காம். படித்தவன். ஓவியக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. லினோவில், அதாவது மெத்தென்ற லினோலியம் தகட்டில், செதுக்கி அச்செடுப்பேன், செல்போனில் படம் எடுப்பேன். ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வரும் கலைஞர்களுக்கு என்று அச்சுக்கலை ரெசிடென்சி, போட்டோ ரெசிடென்சி அறிவிப்புகள் கண்ணில் படுகின்றன. தங்க இடம், எந்திரம், கொஞ்சம் பணம் தருவார்களாம். இதெல்லாம் ஏற்கெனவே ஆள் தெரிந்த, ஆங்கிலம் பேசுகிற கூட்டத்துக்குத்தான், நம் பெயரைப் போஸ்டருக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள் என்கிறான் என் நண்பன். போகலாமா, வேண்டாமா?

பதில்: நகரியிலிருந்து, 4 ஜனவரி, இரவு

தம்பி, விண்ணப்பம் போடுங்கள். முதலில் அதைச் செய்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். செய்த வேலைகளின் படம் கேட்பார்கள். பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். கலைக் கல்லூரிக்குப் போகாதவருக்குப் பரிந்துரை யார் எழுதுவார்? நம் ஆட்கள் பலர் அந்த இடத்திலேயே ஃபாரத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். ஆனால் அச்சுக்கலையில் ஒரு நல்லது உண்டு. பட்டறைக்காரர் முதலில் கையைத்தான் பார்ப்பார். கோடு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது, உளி வழுக்கிய இடத்தை என்ன செய்திருக்கிறீர்கள், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் எப்படி மூச்சு விட்டிருக்கிறீர்கள் என்று பார்த்தாலே இவர் உட்கார்ந்து செதுக்கியவரா இல்லையா என்று அவருக்குத் தெரிந்துவிடும். பட்டமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் இங்கே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். பாஸ்போர்ட் படம், மஞ்சள் நீராட்டு ஆல்பம், ஃபிளெக்ஸ் டிசைன். அதற்கு முன்னால் விசைத்தறிக்குத் தார் சுற்றினேன், அதாவது குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்தேன். எங்கள் காலனியில் பெண்களுக்குக் கிடைத்த வேலை அதுதான். அந்தக் கையோடுதான் ரெசிடென்சிக்குப் போனேன். எனக்குப் பரிந்துரை எழுதியவர் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். தமிழில்தான் எழுதினார், ஏற்றுக்கொண்டார்கள். தமிழில் எழுதலாமா என்று ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் விதியைத் தளர்த்துவதில்லை.

5 ஜனவரி

பணத்தைப் பேசிவிடுவோம். எல்லோரும் தயங்குகிற இடம் அதுதான்.

அவர்கள் தருகிற தொகை கலைஞரின் சாப்பாட்டுக்கும் மைக்கும் காகிதத்துக்கும் கணக்குப் போட்டது. வீட்டில் நின்றுபோகிற கூலி அந்தக் கணக்கில் வராது. வசதியான வீட்டுப் பிள்ளை வெளியூர் போனால் வீட்டில் ஒரு தட்டுச் சோறு மிச்சம். நம் வீட்டில் வாரக் கூலி நிற்கும், குழுக் கடன் தவணை நிற்காது. நான் கிளம்பியபோது என் அம்மா முட்டிவலியோடு மறுபடி தார் சுற்றப் போனார். பின்தங்கிய சமூகத்துக் கலைஞருக்கு என்று திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: நீங்கள் இங்கே இருக்கும்போது உங்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? எந்த அறிவிப்பிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

அடுத்தது பணம் வருகிற விதம். பயணச் செலவுக்கு பில் கொடு, திருப்பித் தருகிறோம் என்பார்கள். ஏகாம்பரகுப்பத்தில் பாசஞ்சர் ஏறி நின்றுகொண்டே போய், ஷேர் ஆட்டோவில் இறங்குகிறவருக்கு எந்த பில்? முன்பணம் தர முடியுமா என்று போகிறதுக்கு முன்னாலேயே கேளுங்கள். காகிதம் அவர்களுடையதா, உங்கள் செலவா என்றும் கேளுங்கள். நல்ல பருத்திக் காகிதம் ஒரு தாளின் விலையைக் கேட்டால் கை தானாகப் பின்வாங்கும். பிழையாக அச்சடிக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் கற்றுக்கொள்வது எப்போது?

சத்தியவேட்டிலிருந்து ஒரு தங்கை தனியாக எழுதியிருக்கிறார். கைக்குழந்தையோடு எங்கே போவது என்கிறார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ரோசண்டேல் என்ற ஊரில் 1974-ல் பெண்கள் சேர்ந்து தொடங்கிய விமன்ஸ் ஸ்டூடியோ ஒர்க்‌ஷாப் என்ற பட்டறை, குழந்தை வளர்க்கிற கலைஞர்களுக்கென்றே தனி உதவித்தொகை வைத்தது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். தங்கையே, குழந்தையோடு வருவேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். மறைத்து எழுதிவிட்டு அங்கே போய்த் தவிப்பதை விட அது மேல்.

7 ஜனவரி

எந்த மாநிலத்துச் சாதிச் சான்றிதழ் செல்லும் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாடு, ஆந்திர எல்லையில் இருக்கிறவர்களுக்கே உரிய தலைவலி.

1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. 1960 ஏப்ரலில் திருத்தணிப் பக்கம் மட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நகரியும் புத்தூரும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. அண்ணன் ஒரு மாநிலம், தங்கை ஒரு மாநிலம் என்று ஆன குடும்பங்கள் எத்தனையோ. இன்றைக்கும் பெண் கொடுப்பது, எடுப்பது எல்லாம் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. சாதிச் சான்றிதழ் மட்டும் எல்லையைப் பார்க்கும். ஒரு மாநிலத்துச் சான்று அடுத்த மாநில அரசின் சலுகைக்குச் செல்லாது. அதனால் மாநில அரசு நடத்துகிற திட்டம் என்றால் உங்கள் ரேஷன் கார்டு எந்தப் பக்கம் என்று பார்த்துப் போடுங்கள். மத்திய நிறுவனம் என்றால் சொந்த மாநிலச் சான்றே போதும். சென்னை கிரீம்ஸ் சாலையில் இருக்கிற லலித் கலா அகாடமி மண்டல மையம் மத்திய அரசுடையது. அங்கே அச்சுக்கலைப் பட்டறை இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல பிரஸ் அதுதான்.

தனியார் அறக்கட்டளைகள் பெரும்பாலும் சான்று கேட்பதில்லை, எழுதிக் கேட்பார்கள். எழுதுங்கள், ஆனால் கெஞ்சி எழுதாதீர்கள். என்ன செய்தோம், என்ன செய்யப் போகிறோம் என்பதை முதல் பத்தியில் வையுங்கள். பட்ட கஷ்டம் இரண்டாம் பத்திக்கு வந்தால் போதும்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஹைதராபாத்தில் நம்மை அரவம், அதாவது தமிழர், என்பார்கள், சென்னையில் தெலுங்குக்காரி என்பார்கள். இரண்டு பக்கப் பட்டியலிலும் நாம் கடைசியில்தான் நினைவுக்கு வருவோம்.

9 ஜனவரி

இன்று ஸ்டூடியோவில் கரண்ட் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உலக அச்சுக்கலையின் பெரிய பெயர்களில் ஒருவர் நம் மாவட்டத்துக்காரர். கிருஷ்ண ரெட்டி. சித்தூர் பக்கம் நந்தனூரில் 1925-ல் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தார். 1940-களின் கடைசியில் சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். பிறகு லண்டன், அங்கிருந்து பாரிஸ். பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேய்டர் 1927-ல் தொடங்கிய அட்டேலியே 17 என்ற பட்டறையில் சேர்ந்து, பின்னாளில் அதை நடத்துகிறவர்களில் ஒருவராக ஆனார். 1972-ல் பத்மஸ்ரீ. 2018-ல் நியூயார்க்கில் காலமானார். நான் படித்த காலத்தில் எந்த ஆசிரியரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. ரெசிடென்சியில், ஒரு வங்காளத்துப் பெண் வாயிலிருந்துதான் முதன்முதலில் கேட்டேன். சித்தூரா, நீங்கள் அவர் ஊரா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவரும் பட்டறை நண்பர்களும் சேர்ந்து வளர்த்த முறைக்கு விஸ்காசிட்டி என்று பெயர். வழக்கமாக வண்ண அச்சு என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு, ஒவ்வொன்றையும் இம்மி பிசகாமல் ஒரே காகிதத்தின் மேல் பொருத்த வேண்டும். இவர்கள் ஒரே தகட்டில், ஒரே இழுப்பில் பல நிறம் கொண்டுவந்தார்கள். தகட்டை அமிலத்தாலும் உளியாலும் பல ஆழங்களுக்குக் குடைய வேண்டும். முதலில் அடியாழத்துக் கோடுகளில் மை திணித்துத் துடைக்க வேண்டும். பிறகு ஆளிவிதை எண்ணெய் கலந்து தளர்த்திய மையைக் கெட்டி ரோலரால் ஒரு தடவு தடவினால், அது மேட்டில் மட்டும் உட்காரும். அடுத்து எண்ணெய் சேராத இறுகிய மையை மெத்தென்ற ரோலரில் எடுத்து உருட்டினால் அது பள்ளத்துக்குள் இறங்கும். மேட்டில் இருக்கிற எண்ணெய்ப் பசை இந்த இறுகிய மையை ஒட்ட விடாது. ஒரு நிறம் இன்னொன்றைத் தள்ளி நிறுத்துகிற அதிசயத்தை நான் கண்ணால் பார்த்தேன். எண்ணெய் ஒரு சொட்டு கூடினாலும் எல்லாம் சேறாகிவிடும். ஈர நாள் ஒரு மாதிரி, வெயில் நாள் ஒரு மாதிரி. புத்தகத்தில் படித்து வராது. மைக்கத்தியால் மையைத் தூக்கி, அது விழுகிற வேகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பிடிபடும். பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம், போதும், நிறுத்து என்று சொல்ல ஒருவர் வேண்டும். ரெசிடென்சி எதற்கு என்று கேட்டால் எனக்கு இதுதான் பதில்: எந்திரமும் அந்தப் பக்கத்து ஆளும்.

11 ஜனவரி

ஒருவர் கேட்கிறார்: "கிருஷ்ண ரெட்டி நிலபுலன் உள்ள சமூகத்துப் பெயர். ஒடுக்கப்பட்டவர்களுக்கான ரெசிடென்சி பற்றிய இந்த இணைய இழையில் அவர் எதற்கு?"

சரியான கேள்வி. அவரைச் சாதிக்காகக் கொண்டுவரவில்லை. ஊருக்காகவும் பட்டறைக்காகவும் கொண்டுவந்தேன். சித்தூர்ப் பக்கத்துப் பையன் பாரிஸில் வேர் பிடித்ததற்குக் காரணம், அங்கே பிரஸ் எல்லோருக்கும் நடுவில் இருந்தது. ஒருவர் கண்டுபிடித்ததைப் பக்கத்து மேசைக்காரர் அன்றே பார்க்க முடிந்தது.

நீங்கள் தேடுகிற ஆள் ராபர்ட் பிளாக்பர்ன். 1920-ல் பிறந்த கறுப்பினத்தவர், பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள், வளர்ந்தது நியூயார்க் ஹார்லெமில். 1930-களின் பொருளாதார முடக்கத்தில் அரசுப் பணத்தில் ஹார்லெம் சமூகக் கலை மையம் நடந்தது. அங்கேதான், பள்ளிக்கூடம் போகிற வயதில், கல்லச்சு கற்றார். 1940-களின் கடைசியில் சொந்தப் பட்டறை போட்டு எந்த நிறத்தவரும், எந்த ஊர்க்காரரும் வரலாம் என்று கதவைத் திறந்துவைத்தார். 2003-ல் அவர் போன பிறகும் பட்டறை அவர் பெயரில் நடக்கிறது. ஒரு பொதுப் பட்டறையில் ஒரு பையனுக்கு இடம் கிடைத்ததன் விளைவு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அவர் ஹார்லெமில் கற்றார், பிரஸ்ஸும் அதே நகரத்தில் இருந்தது. கற்ற இடத்திலிருந்து அவர் பிரஸ் இல்லாத ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

13 ஜனவரி, போகி

காலையில் பழையதை எரித்த புகை இன்னும் தெருவில் நிற்கிறது. மனதில் கிடக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் போன இடத்தில் முதல் வாரமே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்றார்கள். பெருநகரத்திலிருந்து வந்த பையன் மேகங்களைச் செய்கிறேன் என்றான். நன்று என்றார்கள். நான் எங்கள் தெருக் குழாயடியில் தானாக முளைத்துப் பூக்கிற அந்திமந்தாரையைச் செதுக்கப் போகிறேன் என்றேன். வழிகாட்டியாக வந்தவர் ரொம்ப மென்மையாகக் கேட்டார்: "இதில் உங்கள் சமூகம் எங்கே?"

மேகக்காரனிடம் அதை யாரும் கேட்கவில்லை.

எங்களை அழைக்கும்போதே எங்கள் காயத்தையும் மூட்டை கட்டி எடுத்து வரச் சொல்கிறார்கள். பறை, சேரி, ஓலம் இதெல்லாம் இருந்தால்தான் அது எங்கள் வேலை என்று அவர்களுக்குப் புரிகிறது. எனக்குப் பூ செதுக்கப் பிடித்தது. குழாயடியில் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே முறை வரக் காத்திருந்தவள் நான். அதைப் பார்த்த கண் என்னுடையது. சமூகம் அதில் இல்லாமல் எங்கே போகும்? அன்றைக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. பூவைத்தான் செதுக்கினேன். இதழின் ஓரத்தை மெல்லிய வி உளியால் விட்டு விட்டுக் கீறினேன், சாயங்காலம் அது விரிகிற மாதிரியே வந்தது. அந்த அச்சு இப்போதும் ஸ்டூடியோ சுவரில் இருக்கிறது.

18 ஜனவரி

பொங்கல் முழுக்க மேலே எழுதியது பற்றி யோசனை. அதில் ஒரு பக்கம்தான் இருக்கிறது.

நாக்பூர்க்காரர் சவி சவர்க்கர் தலித் ஓவியர், அச்சுக் கலைஞர். கழுத்தில் எச்சில் கலயம் கட்டி, தன் காலடித் தடத்தைத் தானே பெருக்கிக்கொண்டு போக வைக்கப்பட்ட மனிதர்களை எட்சிங்கில், அதாவது உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கிற அச்சில், கொண்டுவந்தவர். அந்த அச்சுகள் மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு. அமிலம் தின்ற கோட்டின் கறுப்புக்கு ஒரு கடுமை உண்டு, பேனாவில் வராது. சொல்லவேண்டியதை அந்தக் கடுமையில் சொன்னார். காயத்தைச் செய்யாதீர்கள் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் தீர்மானிப்பது என்பதுதான் கேள்வி. அவர் செய்தது அவர் தீர்மானம். என் பூ என் தீர்மானம். கூப்பிட்டவர் தீர்மானிக்கக் கூடாது.

தம்பி, உங்களிடமும் அங்கே கேட்பார்கள். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

20 ஜனவரி

போட்டோ பக்கத்துக்கு வருகிறேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், அச்சு பற்றியே பேசுகிறேன் என்று.

போட்டோ ரெசிடென்சியில் கேமரா பெரிய விஷயமே இல்லை. உங்கள் செல்போன் போதும். கூட உட்கார்ந்து படம் பொறுக்குகிற ஆள்தான் முக்கியம். நூற்றுக்கணக்கில் எடுத்ததில் பத்து பதினைந்தை எடுத்து, எதற்குப் பின் எது என்று சுவரில் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்க்கிற வேலை. கல்யாண ஆல்பம் போடுகிறவள் என்பதால் எனக்கு வரும் என்று நினைத்தேன். ஆல்பத்தில் யாரையும் விடக் கூடாது. இங்கே விடுவதுதான் வேலை.

மதுரைக்காரர் பழனிகுமாரைப் பாருங்கள். அம்மா மீன் விற்றவர். மலக்குழியில் இறங்குகிறவர்களை வருடக்கணக்காகப் படம் எடுத்தவர். 2022-ல் கிராமப்புற வாழ்க்கையைப் பதிவுசெய்கிற பாரி (PARI) இணையதளம் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கோடு சேர்ந்து கொடுத்த ஆவணப் புகைப்பட விருதின் முதல் விருதாளர் அவர்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, மீனவர் பிள்ளைகளுக்கும் துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அவர் கேமரா கற்றுத்தருவது.

அப்புறம், யாரை எடுக்கிறோம் என்பது. சாயக் கறை படிந்த கைகளை எடுக்க எங்கள் ஊருக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். படம் எங்கெங்கோ போய்விடும், அந்தக் கைக்காரிக்கு ஒரு பிரதிகூட வராது. நாமே எடுக்கும்போது வேறொரு ஆபத்து. தறிக்கொட்டகைக்குள் நான் எடுத்த படத்தில் முகம் தெரிந்தால், கூலி உயர்வு கேட்டவர் யார் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். மறுநாள் அந்த அக்காவுக்கு வேலை இருக்காது. இதற்கு அச்சுக்கலையில் வழி கிடைத்தது. படத்தை லினோவில் மாற்றிச் செதுக்கினேன். முகம் போய், குனிந்த முதுகும் பாவு நூலும் மட்டும் நின்றன. நூல் ஒவ்வொன்றும் ஒரு கீறல். அந்த அக்காவிடம் காட்டினேன். "முதுகே நான்தான்னு சொல்லுதே" என்று சிரித்துவிட்டு, கொடு என்று வாங்கிப் போனார். போட்டோவும் அச்சும் ஒன்றாக இருக்கிற ரெசிடென்சிகளை நான் இதனால்தான் விரும்புகிறேன். பரோடாவின் ஜோதி பட் இரண்டையும் ஒரே கையில் வைத்திருந்தவர். எட்சிங் போட்டார், கிராமம் கிராமமாகப் போய்ச் சுவர்க்கோலங்களைக் கேமராவில் எடுத்தார்.

21 ஜனவரி

சயனோடைப் என்ற வெயில் அச்சு முறை பற்றி மூன்று பேர் கேட்டார்கள். எந்திரமே வேண்டாத முறை. 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, சம அளவில் கலந்து, வெளிச்சம் குறைந்த அறையில் காகிதத்தில் தடவிக் காயவிட வேண்டும். படத்தின் நெகட்டிவை ஒளி புகும் ஷீட்டில் பிரிண்ட் எடுத்து அதன் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வையுங்கள். நகரி வெயிலுக்குச் சில நிமிடம் போதும். பச்சைத் தண்ணீரில் மஞ்சள் போகும்வரை அலசினால் நீலத்தில் படம் எழும்பும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஃபெரிசயனைடு பக்கத்தில் அமிலம் எதுவும் வைக்காதீர்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள்.

24 ஜனவரி

11-ஆம் தேதி விட்ட இடத்துக்கு, கற்றுவிட்டு பிரஸ் இல்லாத ஊருக்குத் திரும்புகிற சிக்கலுக்கு, வருகிறேன்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உமட்டில்லா பழங்குடியினரின் நிலம் இருக்கிறது. அங்கே 1992-ல் ஜேம்ஸ் லாவடோர் என்ற ஓவியர் மற்றவர்களோடு சேர்ந்து குரோஸ் ஷேடோ என்ற அச்சுப் பட்டறையைத் தொடங்கினார். பழைய கிறித்தவ மிஷன் பள்ளிக் கட்டடத்துக்குள். பூர்வகுடிக் கலைஞர்களை அழைத்துத் தங்க வைத்து, தேர்ந்த அச்சர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி வேலை செய்ய விடுகிறார்கள். பிரஸ் அந்த மக்களின் மண்ணிலேயே இருக்கிறது.

இன்னும் வடக்கே போனால் கனடாவின் கேப் டார்செட், இப்போது கின்கைட் என்கிறார்கள். இன்யூட் மக்களின் ஊர். ஜேம்ஸ் ஹூஸ்டன் என்பவர் அங்கிருந்தவர்களோடு சேர்ந்து பட்டறை போட்டார், ஜப்பானுக்குப் போய் மரக்கட்டை அச்சும் கற்றுத் திரும்பினார். 1959-ல் முதல் ஆண்டுத் தொகுப்பு வெளிவந்தது. பெண்கள் வீட்டில் வரைவார்கள், செதுக்குகிறவர் கல்லில் செதுக்குவார், இன்னொருவர் அச்செடுப்பார். எல்லாம் கூட்டுறவுச் சங்கத்தின் கையில். கெனோஜுவாக் அஷெவாக் என்ற பெண்ணின் ஆந்தையைக் கனடா அஞ்சல்தலையில் போட்டது. அவர் எந்தக் கல்லூரிக்கும் போனவர் இல்லை. அச்சுக்காக ஊரை விட்டும் போக வேண்டியிருக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது கையில் அட்டை உருளைக்குள் அச்சுகள், மனம் நிறைய விஸ்காசிட்டி. நகரியில் எட்சிங் பிரஸ் கிடையாது. வீட்டில் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து லினோ அச்செடுத்தேன். "கரண்டி எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டா குழம்பைக் கையாலயா கிண்டறது?" என்று அம்மா கேட்டார். சிரித்தோம். ஆனால் கற்ற எட்சிங்கை அதற்குப் பின் நான் தொடவே முடியவில்லை. கூட வந்தவர்களில் நம் மாதிரி ஊர்களுக்குத் திரும்பிய மற்றவர்களுக்கும் அதே நிலைதான். பெருநகரத்துக்காரர்கள் பட்டறை வாடகை கட்டித் தொடர்கிறார்கள்.

ரெசிடென்சி நடத்துகிறவர்களுக்கு நான் கேட்கிறது ஒன்றுதான். எத்தனை பேரை அழைத்தோம் என்ற கணக்கை விடுங்கள். ஒரு வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் இன்னும் அச்சடிக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். இரண்டு பேரை அழைக்கிற செலவில் ஒரு சின்ன பிரஸ்ஸை ஊரில் வையுங்கள்.

26 ஜனவரி

சாப்பாடு. சமையலறையில் சைவம் மட்டும் என்று விதி வைத்திருக்கிற இடங்கள் உண்டு. கருவாட்டுக் குழம்பு செய்கிற வாசனைக்கே முகம் சுளிப்பவர்களோடு ஒரே கூரையில் இருக்கிறது எளிதல்ல. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அச்சுப் பிரதிகள் யாருக்கு என்றும் கேளுங்கள். இருபது பிரதி எடுத்தால் சிலவற்றைப் பட்டறை வைத்துக்கொள்வது உலக வழக்கம், அதில் தப்பில்லை. எத்தனை, விற்றால் பங்கு எவ்வளவு, தகடு யாரிடம் இருக்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பென்சிலில் 1/20 என்று எண் போட்டுக் கையெழுத்திடும்போது அந்த இருபதும் எங்கெங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

31 ஜனவரி

நல்ல செய்தி. எழுதாமல் வைத்திருந்தேன், வேலை முடியட்டும் என்று.

கல்யாணப் பத்திரிகை அச்சகங்கள் ஆஃப்செட்டுக்கு மாறியபோது டிரெடில், புரூஃப் பிரஸ் என்கிற பழைய அச்சு எந்திரங்கள் எடைக்குப் போயின. நம் பக்கத்தில் எத்தனை போனதோ. திருத்தணியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பைண்டிங் பிரஸ் ஒன்று கிடந்தது. மேலே சக்கரம், நடுவில் திருகு, கனமான இரும்புப் பலகை. நான், புத்தூர் டீச்சர் ஒருவர், ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணன், மூன்று பேரும் பணம் போட்டு வாங்கினோம். திருகில் துரு ஏறி அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, லேத் பட்டறைக்காரர் ஒருவர் கூலி வாங்காமல் சரிசெய்து கொடுத்தார். என் அத்தையின் மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. மாடு இப்போது இல்லை.

இதில் எட்சிங் வராது. அதற்கு இரண்டு உருளைக்கு நடுவில் தகடு நசுங்கிப் போக வேண்டும். சின்ன லினோ நன்றாக வருகிறது. மை தடவிய கட்டையின் மேல் காகிதம், அதன் மேல் செய்தித்தாள் நாலு மடிப்பு, மேலே பழைய கம்பளித் துண்டு. சக்கரத்தை இழுத்துப் பிடித்து, பத்து எண்ணி, தளர்த்தினால் கறுப்பு ஓட்டை இல்லாமல் முழுசாக விழுகிறது. கரண்டியில் இப்படி வராது. உருளை வைத்த பிரஸ்ஸுக்கு லேத்காரரே அளவு எடுத்திருக்கிறார், விலை சொல்லியிருக்கிறார். பணம் சேர வேண்டும். தகட்டை அரிக்கிற ஃபெரிக் குளோரைடின் கழிவை என்ன செய்வது என்று முடிவு பண்ணாமல் எட்சிங் தொடங்க மாட்டோம். சாயப்பட்டறைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர் இது. நாமும் நம் பங்குக்கு ஊற்ற வேண்டாம்.

ஞாயிறு காலையிலிருந்து திறந்திருக்கும். ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் இறங்கி இங்கே எழுதினால் யாராவது வண்டியில் வந்து கூட்டிப்போவோம். பத்திரிகைக் கடையில் வெட்டி மிஞ்சிய கெட்டிக் காகிதம் ஒரு கட்டு இருக்கிறது, காசு வேண்டாம். ஒவ்வொருவரும் எடுத்த அச்சில் ஒரு பிரதி பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும், அது மட்டும்தான் விதி. சத்தியவேட்டுத் தங்கை குழந்தையோடு வரலாம், அத்தை பார்த்துக்கொள்வார்.

தம்பி, விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி எடுத்து வாருங்கள். டீச்சர் ஆங்கிலத்தில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். லினோவும் உளியும் உங்களுடையதைக் கொண்டு வாருங்கள். ரோலர் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, உங்களிடம் இருந்தால் அதையும்.